பந்தயத் தடத்தில் கார் ஓட்டக் கற்க 1,15,000 ரூபாய்: கடன் வாங்கலாமா?

கேள்வி:

எனக்கு வயது 33. அம்பத்தூரில் மனைவி, இரண்டு வயது மகள், பெற்றோருடன் வாடகை வீட்டில் வசிக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 92,000 ரூபாய். வாடகை 18,000, வீட்டுச் செலவு 26,000, கார் கடன் தவணை 14,800, பெற்றோரின் மருந்துகள் 5,000, காப்பீட்டு பிரீமியங்களுக்கு 3,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதந்தோறும் போடும் எஸ்ஐபி 12,000 போக 13,200 மிஞ்சுகிறது. கார் கடனில் இன்னும் 31 தவணைகள் பாக்கி. அவசரத் தேவைக்கென வங்கியில் 2,10,000 ரூபாய் வைத்திருக்கிறேன். அலுவலக மருத்துவக் காப்பீடும், 2021-இல் எடுத்த 1 கோடி ரூபாய் டேர்ம் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியும் உண்டு.

கடந்த ஓராண்டில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் மூன்று முறை என் சொந்த ஹேட்ச்பேக் காரை ஓட்டினேன். போட்டியில் இறங்கும் எண்ணம் இல்லை. நன்றாக ஓட்டக் கற்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் மூன்றாவது முறையும் லேப் டைமிங் (ஒரு சுற்றை முடிக்க ஆகும் நேரம்) குறையவில்லை. டயரையும் சஸ்பென்ஷனையும் மாற்றச் சொல்கிறார்கள் நண்பர்கள். அதற்கு 1,10,000 ஆகும். ஒரு பயிற்சிப் பள்ளியில் மூன்று நாள் வகுப்புக்கு, சொந்தக் காரில் ஓட்டினால் 68,000, பள்ளியின் காரில் ஓட்டினால் 1,15,000 கட்டணம். வகுப்பு அடுத்த மாதம், ஜூனில். 14% வட்டியில் 1,50,000 ரூபாய் தனிநபர் கடன், இரண்டு ஆண்டுத் தவணையில் கிடைக்கிறது. தீபாவளியை ஒட்டி ஆண்டு ஊக்கத்தொகையாக 1,80,000 கைக்கு வரும். கடன் வாங்கலாமா, எஸ்ஐபியை நிறுத்தலாமா, இல்லை இந்த ஆசையையே விட்டுவிட வேண்டுமா?

பதில்:

ஆசையை விட வேண்டாம். வகுப்புக்குப் போங்கள். ஆனால் அடுத்த மாதம் வேண்டாம், கடன் வாங்கி வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் சொந்தக் காரில் வேண்டவே வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு கட்டணங்களில் 68,000 ரூபாய்தான் குறைவு என்று தோன்றும். உங்கள் நிலைமையில் 1,15,000 ரூபாய் வழியே மலிவானது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் மூன்று முறை தடத்துக்குப் போய்வந்த உங்களுக்கு இதை இதுவரை யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது.

உங்கள் கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, 'பயன்பாட்டு வரம்புகள்' என்ற தலைப்பின் கீழ் இருப்பதைப் படியுங்கள். நம் நாட்டில் தனியார் கார் பாலிசிகளில், வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது ஆகியவற்றோடு ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வாகனத்தின் தாங்குதிறனைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்கும் காப்பீடு கிடையாது என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். 'நான் பந்தயம் ஓட்டவில்லை, கற்றுக்கொள்ளத்தான் போனேன்' என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நொறுங்கிய காரோடும், ஓடிக்கொண்டிருக்கும் தவணையோடும் நின்றுகொண்டு செய்ய வேண்டியிருக்கும். கார் நிறுவனம் தரும் வாரன்ட்டியிலும் பந்தயப் பயன்பாட்டால் வரும் பழுதுகளைப் பொதுவாக விலக்கியே வைத்திருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கோப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே பாலிசி நகல், தடுப்புச் சுவரில் மோதி முன்பக்கம் முழுவதும் உள்வாங்கிய காரின் நான்கு படங்கள், இழப்பீட்டை மறுத்த கடிதம். பாலிசியில் நான் மேலே சொன்ன அந்த ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கோடு போட்டது மறுப்புக் கடிதம் வந்த பிறகு என்று அவரே சொன்னார். நிறுவனத்தின் மேல் தவறில்லை. அது எழுதிக் கொடுத்தபடியே நடந்துகொண்டது. காரைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு, அதன் பிறகும் பத்தொன்பது மாதங்கள், இல்லாத ஒரு காருக்கு அவர் தவணை கட்டினார்.

உங்கள் கணக்கு இதுதான். வட்டி 9% என்று வைத்துக்கொண்டால் 31 தவணைகளுக்கு உங்கள் கடனில் இன்றைய அசல் பாக்கி ஏறத்தாழ 4,08,000 ரூபாய். கார் வங்கியின் பெயரில் அடமானத்தில் இருக்கிறது. கார் போனாலும் அந்தக் கடன் போகாது. சொந்தக் காரில் ஓட்டி 47,000 ரூபாயை மிச்சப்படுத்தப் போய், 4,08,000 ரூபாய்க் கடனை எந்தக் காப்பீடும் இல்லாமல் தடத்தில் இறக்குகிறீர்கள். அந்த மிச்சமும் முழுதாகக் கையில் நிற்காது. 70 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்த பிரேக் எவ்வளவு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டுமோ, அதைப்போல நான்கு மடங்கை 140 கி.மீ. வேகத்தில் மாற்ற வேண்டும். அதையும் ஒரு சுற்றில் பல முறை, சுற்றுக்குச் சுற்று. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதாகிவிட்டால் அந்த அளவு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதித்த பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். ஆகவே வகுப்புக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும், வகுப்புக்குப் பின் முன்பக்க பிரேக் பேடுகளும் முன் டயர்களின் ஓரங்களும் தேய்ந்திருக்கும், மூன்று நாள் பெட்ரோலும் உங்களுடையது. உங்கள் மெக்கானிக்கிடம் விலை கேட்டு இவற்றைக் கூட்டிப் பாருங்கள். 47,000-இல் கணிசமான பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

அடுத்து, நண்பர்களின் யோசனை. 1,10,000 ரூபாய்க்கு டயரும் சஸ்பென்ஷனும் வாங்கினால் டைமிங் குறையும் என்பது உண்மைதான்; பிடிப்பு கூடினால் எந்தக் காரும் வேகமாகத் திரும்பும். ஆனால் அந்தப் பிடிப்பு டயர் தேயும்வரைதான், காரை விற்கும்போது அதற்காக யாரும் கூடுதல் விலை தரப் போவதும் இல்லை. மூன்று முறை ஓட்டியும் டைமிங் அசையவில்லை என்றால், தடை காரில் அல்ல, ஓட்டும் முறையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வளைவுக்கு முன் தயங்கித் தயங்கி பிரேக் மிதிப்பதும், திருப்பும் முன்பே காலை முழுவதுமாக எடுத்துவிடுவதும் புதியவர்கள் பலரும் செய்வது. ஒரு டயருக்கு இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். நிறுத்தவும் திருப்பவும் அதையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் நேர்ப்பாதையில் முதல் அழுத்தத்தைத் தயங்காமல் கொடுக்கச் சொல்லி, பிறகு ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்கு ஏற்ப பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடப் பழக்குகிறார்கள். கண் எங்கே இருக்க வேண்டும், வளைவின் உள்ளோரப் புள்ளியான அபெக்ஸை எவ்வளவு தாமதமாகத் தொட்டால் அடுத்த நேர்ப்பாதை முழுவதும் அந்த ஆதாயம் கூடவே வரும் என்பதையெல்லாம் பக்கத்து இருக்கையில் ஒருவர் அமர்ந்து சொல்லாமல் தானாகப் பிடிப்பது மிகக் கடினம். நீங்கள் அடுத்த காரை வாங்கும்போதும் இந்தக் கல்வி உங்களோடு வரும். செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால், உதிரி பாகத்தைவிட வகுப்புக்கே செலவழியுங்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் இதை முதலீடு என்று மட்டும் எண்ண வேண்டாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1992-இல் பிரான்சிலுள்ள எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. அங்கிருந்து 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டும் முதல் இந்தியராக ஆவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. வாழ்க்கையை அதற்கென்றே வைத்தவரின் பாதை அது. நீங்கள் போட்டியில் இறங்க விரும்பவில்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. ஆகவே இந்தச் செலவைக் குடும்பத்தோடு போகும் ஒரு பெரிய சுற்றுலாவுக்கு நிகராக வையுங்கள்: மனம் நிறைய, திரும்பி வராத பணமாக. திரும்பி வராத பணத்தைக் கடன் வாங்கிச் செலவழிக்கக் கூடாது என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

கடன் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1,50,000 ரூபாய்க்கு 14% வட்டியில் 24 மாதத் தவணை ஏறத்தாழ 7,200 ரூபாய். மொத்த வட்டி சுமார் 22,800. செயலாக்கக் கட்டணம் 2% என்றால் ஜிஎஸ்டியோடு இன்னொரு 3,540. இதைவிட எனக்குக் கவலை தருவது, கார் தவணையோடு இது சேர்ந்து மாதம் 22,000 ரூபாய் கட்டாயச் செலவாகிவிடுவதுதான். இரண்டு வயதுக் குழந்தையும் மருந்து சாப்பிடும் பெற்றோரும் இருக்கும் வீட்டில் அந்த 7,200 ரூபாய் இடைவெளி என்றைக்கு வேண்டுமானாலும் தேவைப்படலாம்.

எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம். பத்து மாத எஸ்ஐபி இருபத்தைந்து ஆண்டில் எத்தனை லட்சமாகும் என்று ஒரு கணக்குக் காட்டுவது என் தொழிலில் வழக்கம். அந்தக் கணக்கைக் காட்டி மனிதருடைய எந்த ஆசையையும் நசுக்கிவிட முடியும் என்பதால் அதை நான் செய்வதில்லை. நான் சொல்லும் காரணம் எளியது: ஐந்து மாதம் காத்திருந்தால் எஸ்ஐபியைத் தொடாமலே உங்களால் இந்த வகுப்புக்குப் போக முடியும்.

உங்கள் தவிர்க்க முடியாத மாதச் செலவு, தவணையும் சேர்த்து, 66,800 ரூபாய். ஆறு மாதத்துக்கு 4,00,800 ரூபாய் கையில் இருக்க வேண்டும், இருப்பது 2,10,000. ஜூன் முதல் அக்டோபர் வரை மாதம் 10,000 ரூபாயை ஒரு தனி ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். அதற்காக இந்த ஐந்து மாதமும் தடத்துக்குப் போவதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கலாம். தீபாவளிக்குள் 50,000 சேர்ந்துவிடும். ஊக்கத்தொகை 1,80,000 வந்ததும் முதலில் 1,15,000 ரூபாயை அவசர நிதியில் சேருங்கள். அது 3,25,000 ஆகும், ஏறக்குறைய ஐந்து மாதச் செலவு. மீதி 65,000-ஐ அந்த 50,000-உடன் சேர்த்தால் 1,15,000. கட்டணத்தில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். அடங்கவில்லை என்றால் 18% கணக்கில் மேலும் 20,700 வேண்டும், அதை நவம்பர், டிசம்பர் மாதச் சேமிப்பு பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். ஜனவரியில் அல்லது பிப்ரவரியில் வகுப்பு இருந்தால் அதில் சேருங்கள். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்திருக்கும், ஜூன் வெயிலில் மூடிய தலைக்கவசத்தோடு மதியம் மூன்று மணிக்கு ஓட்டுவதைவிட உங்கள் கவனமும் நன்றாக நிற்கும். வகுப்பு முடிந்ததும் அதே 10,000 ரூபாயை அவசர நிதிக்குத் திருப்புங்கள். எட்டு மாதத்தில் ஆறு மாத இலக்கை எட்டிவிடுவீர்கள்.

காத்திருக்கும் மாதங்களில் கை துருதுருத்தால் கார்ட்டிங் ஓட்டுங்கள். சில நூறு ரூபாயில் ஒரு முறை ஓட்டக் கிடைக்கும், வளைவில் சரியான லைன் (பாதை) பிடிப்பதையும் கண்ணை முன்னே வைப்பதையும் அந்தச் சின்ன வண்டி நன்றாகவே கற்றுத் தரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இரவில் முயன்று பார்ப்பவர்கள் கூட்டத்தில் மட்டும் சேர்ந்துவிடாதீர்கள். பொதுச் சாலையில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

உங்கள் உடலுக்கும் உயிருக்குமான காப்பீட்டைப் பற்றிச் சொல்வது மிச்சம். காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த மருத்துவக் காப்பீட்டு விலக்குகளில் அபாய விளையாட்டுகளைப் பற்றிய பிரிவு மோட்டார் பந்தயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் 'தொழில்முறையாகப் பங்கேற்பவர்' என்ற சொற்களும் அதில் உண்டு. நீங்கள் கற்றுக்கொள்பவர் என்பது அங்கே உங்களுக்குச் சாதகம். இருந்தாலும் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். 'பந்தயத் தடத்தில் மூன்று நாள் பயிற்சி வகுப்பில் கலந்துகொள்கிறேன், காயம் ஏற்பட்டால் சிகிச்சைச் செலவு கிடைக்குமா' என்று அலுவலகக் காப்பீட்டைக் கவனிப்பவருக்கு மின்னஞ்சல் எழுதிப் பதிலைச் சேமித்து வையுங்கள். தனிநபர் விபத்துக் காப்பீட்டிலும் டேர்ம் பாலிசியோடு சேர்க்கும் விபத்து ரைடரிலும் (கூடுதல் காப்பீடு) பந்தயத்தைப் பொதுவாக முழுமையாகவே விலக்கியிருப்பார்கள். அடிப்படை டேர்ம் பாலிசி உங்களுக்கு ஆறுதலான செய்தி: 2021-இல் விண்ணப்பித்தபோது நீங்கள் தடத்தில் ஓட்டத் தொடங்கவில்லை, ஆகவே எதையும் மறைக்கவில்லை. தவிர, காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டுகள் கடந்த பாலிசியின் செல்லுபடியை நிறுவனம் கேள்விக்கு உட்படுத்த முடியாது. ஆனால் மகளுக்காக இனிமேல் கூடுதல் பாலிசி எடுத்தால், பொழுதுபோக்கைப் பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பிரீமியம் சற்றுக் கூடினாலும் கூடட்டும்.

கடைசியாக, பள்ளியிடம் கேட்க வேண்டியது. அவர்களுடைய காரை நீங்கள் மோதிவிட்டால் உங்கள் பொறுப்பு எவ்வளவு? தடுப்புச் சுவருக்கும் டயர் அரணுக்கும் ஏற்படும் சேதம் அதில் சேருமா? அந்தப் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். 'நிலைமையைப் பொறுத்து' என்று பதில் வந்தால் கையெழுத்திடாதீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் 1,15,000 ரூபாய் வழி மலிவானது என்று நான் மேலே சொன்னது பொருந்தாது. அந்த எண் எவ்வளவோ, அவ்வளவு பணம் அவசர நிதியை முழுவதும் காலி செய்யாமல் உங்களால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். 75,000 வரை என்றால் உங்களால் தாங்க முடியும் என்று நினைக்கிறேன். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள், மூன்று நாளில் ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் அமரும் நேரம் எத்தனை நிமிடம், தடத்தில் ஆம்புலன்ஸும் மருத்துவரும் நாள் முழுவதும் இருப்பார்களா என்பவற்றையும் எழுத்தில் பெறுங்கள்.

அவர்கள் கையெழுத்துக் கேட்கும் பொறுப்புத் துறப்புப் படிவத்தை முன்பணம் கட்டுவதற்கு முன்பே வாங்கி, நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து படியுங்கள். புரியாத வரி இருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.