பிக்கப் வண்டியில் கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமலேயே பாட்டு நன்றாகக் கேட்க என்ன செய்யலாம்?

மாற்றாமலேயே செய்யலாம், நிறையவே செய்யலாம். ஆனால் கடைக்குப் போனால் முதலில் புது ஸ்டீரியோ, அப்புறம் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப்ளிஃபையர் என்று விற்கிற வரிசையில்தான் சொல்வார்கள், கதவைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் வேலை தொடங்க வேண்டிய இடம் கதவுதான்.

உங்கள் வண்டி இரட்டை கேபின் டீசல் பிக்கப், நாலு கதவிலும் ஸ்பீக்கர், பேஸ் சுத்தமாக இல்லை, வால்யூமைக் கூட்டினால் கதவு கடகடக்கிறது, ஸ்டீரியோவைக் கழற்றினால் ரிவர்ஸ் கேமராவும் ஸ்டீயரிங் பட்டன்களும் போய்விடுமோ என்று பயம், இதுதானே? அந்தப் பயம் சரியானதுதான். இப்போது வரும் வண்டிகளில் ஸ்டீரியோ வெறும் பாட்டுப் பெட்டி இல்லை, வண்டியின் மற்ற பாகங்களோடு பேசிக்கொண்டிருக்கிறது. அதை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். நானும் அதே மாதிரி ஒரு வண்டிதான் வைத்திருக்கிறேன், தோப்புக்கும் டவுனுக்கும் ஓடுகிற வண்டி, அதில் இன்றைக்கும் கம்பெனி ஸ்டீரியோதான்.

முதலில் காசு செலவில்லாத விஷயங்களைப் பார்த்துவிடலாம். போனில் ஈக்குவலைசர், சரவுண்டு என்று ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எல்லாவற்றையும் அணையுங்கள், போன் ஒரு பக்கம் பேஸைக் கூட்ட ஸ்டீரியோ இன்னொரு பக்கம் கூட்ட, கடைசியில் வருவது குழைந்த சத்தம்தான். ப்ளூடூத்தில் கேட்டால் போனின் வால்யூமை முழுசாக வைத்துவிட்டு ஸ்டீரியோவில் கூட்டிக் குறையுங்கள். பாட்டு ஆப்பின் செட்டிங்கில் டேட்டா மிச்சம் பிடிக்கிற தரத்தில் இருந்தால் உயர்ந்த தரத்துக்கு மாற்றுங்கள். ப்ளூடூத் பாட்டை இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்பும், அதனால் யுஎஸ்பி கேபிளில் கேட்டால் கொஞ்சம் தெளிவு கூடும். கம்பியில்லா ஆண்ட்ராய்டு ஆட்டோ இருந்தால் அதுவும் பரவாயில்லை, அதில் பாட்டு வைஃபை வழியாகத்தான் வருகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த எம்பி3 கோப்பை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள்.

இதெல்லாம் சில்லறை. விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டியை நிறுத்திவைத்துக் கேட்டால் சுமாராக இருக்கிற பாட்டு, ஓட ஆரம்பித்ததும் ஏன் சப்பென்று ஆகிவிடுகிறது? நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய 67 முறை எரிபொருள் வெடிக்கிறது, அதாவது எஞ்சினின் முழக்கம் 67 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே இருக்கிற சுரங்கள் எல்லாம் அந்த முழக்கத்தோடுதான் மோதுகின்றன. அதோடு டயர் சத்தம் வேறு. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனி வழியில் நடந்துபோகுமே, நெடுஞ்சாலையில் அதுதான் முதலில் காணாமல் போகும். மிருதங்கத்தில் வலந்தலை டிக் டிக்கென்று கேட்கும், இடந்தலையின் கும்கி இருக்கிற இடமே தெரியாது. ஆக உங்களுக்குத் தேவை அதிகச் சத்தம் இல்லை, எஞ்சினைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கீழ்ப்பகுதியில் கொஞ்சம் பலம், கூடவே கேபினுக்குள் இரைச்சல் குறைவு. நல்ல வேளையாக இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

கதவின் உள் பேடைக் கழற்றிப் பாருங்கள். கைப்பிடிக்குள்ளே ஒரு சின்ன மூடி இருக்கும், அதை நெம்பினால் ஸ்க்ரூ, கீழ் விளிம்பில் இன்னும் ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கிளிப். கிளிப் உடையத்தான் செய்யும், நாலைந்து உபரியாக வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பேடை எடுத்ததும் கறுப்புப் பசையில் ஒட்டிய ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், அது தண்ணீரைத் தடுக்க. அதை உரித்தால் தகட்டில் கை நுழைகிற அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டைகள், கண்ணாடி மோட்டாரைப் பழுது பார்ப்பதற்காக விட்டவை. இந்த ஓட்டைகள்தான் உங்கள் பேஸைத் தின்கின்றன. ஸ்பீக்கரின் கோன், அதாவது அதில் அதிர்கிற கூம்பு, முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்றை உறிஞ்சுகிறது, இரண்டு அலைகளும் எதிரெதிர். பின்பக்க அலை ஓட்டை வழியாக முன்னால் வந்து சேர்ந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும், அதிலும் தாழ்ந்த சுரங்களில்தான் அதிகம். வீட்டு ஸ்பீக்கருக்கு மூடிய பெட்டி எதற்கோ அதற்குத்தான் வண்டியில் கதவு, அந்தப் பெட்டியில் இத்தனை பொத்தல் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கராலும் பேஸ் தர முடியாது.

செய்ய வேண்டியது இது. பியூட்டைல் ரப்பரும் மேலே அலுமினியத் தாளும் சேர்ந்த டேம்பிங் ஷீட், அதாவது தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டுகிற ஷீட், 2 மில்லிமீட்டர் கனத்தில் கிடைக்கும். தார் கலந்த மலிவு ஷீட் வேண்டவே வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவைத்தால் அது இளகி வழியும், வண்டி முழுக்க நாறும். முதலில் வெளித் தகட்டின் உட்புறத்தில் ஒட்டுங்கள், அங்கே முழுதும் போர்த்த வேண்டியதில்லை, அதிர்கிற நடுப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு மூடினாலே அதிர்வு அடங்கிவிடும். ஒட்டுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும், ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும், இந்த இரண்டையும் சோம்பேறித்தனத்தில் விட்டால் ஆறு மாதத்தில் ஷீட் உள்ளே கழன்று கண்ணாடி வழியில் விழும். அடுத்து உள் தகட்டின் பெரிய ஓட்டைகள். அவற்றின் மேல் அலுமினியத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டோ வெட்டிப் பொருத்தி, அதன் மேல் டேம்பிங் ஷீட்டை ஒட்டி முழுசாக அடையுங்கள். இங்கே இடைவெளி விடக்கூடாது. ஆனால் கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் இருக்கும், அவற்றை மறந்தும் அடைக்காதீர்கள், மழைத்தண்ணீர் தேங்கினால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். லாக்கின் கம்பி, வயர் இதெல்லாம் தகட்டில் உரசுகிற இடத்தில் கொஞ்சம் ஃபோம் சுற்றினால் அந்தக் கடகடப்பும் போகும்.

முடித்ததும் கதவைத் தட்டிப் பாருங்கள். முன்பு தகர டின்னைத் தட்டியது போலிருந்த கதவு இப்போது தொம்மென்று அடங்கிப்போகும். என் வண்டியில் பழைய ஸ்பீக்கரையே திரும்ப மாட்டித்தான் கேட்டேன், அதுவரை இல்லாத பேஸ் அதே ஸ்பீக்கரிலிருந்து வந்தது. உங்களிடம் பத்து ரூபாய் இருந்தால் நாலு ரூபாயைக் கதவுக்கு வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஸ்பீக்கர். பெட்டியின் மேல் 300 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்டீரியோவிலும் 50 வாட் பெருக்கல் நாலு என்று போட்டிருப்பார்கள், அதுவும் சும்மா. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட், அதை வைத்து 4 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் கொடுக்க முடிகிற உச்சம் 26 வாட், அதிலும் சேதாரம் போக 20 வாட்டுக்குக் கீழே வந்து நிற்கும். இந்தக் குறைந்த சக்தியில் நன்றாகப் பாட வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டிதான் முக்கியம், கொடுக்கிற சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்கிற அளவு, அது டெசிபலில் போட்டிருக்கும். கம்பெனி ஸ்பீக்கரின் காகிதக் கோன் பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும் எடை குறைவு, கொஞ்சம் சக்தியிலேயே சத்தம் தரும். அதை எடுத்துவிட்டு 87 டெசிபல் உள்ள கனமான ஸ்பீக்கரை மாட்டினால் முன்பைவிட மெல்லக் கேட்கும், காசும் போய் நொந்துகொள்வீர்கள். 3 டெசிபல் குறைந்தாலே அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் வைக்கப் போவதில்லை என்றால் 91, 92 டெசிபல் உள்ளதாகத் தேடுங்கள். பழைய ஸ்பீக்கரின் காந்தத்துக்குப் பின்னால் எத்தனை ஓம் என்று பார்த்து அதற்குக் குறையாமலும் வாங்குங்கள்.

மாட்டும்போது இரண்டு விஷயம். புது ஸ்பீக்கரின் காந்தம் ஆழமாக இருக்கும், கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு இடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முடுக்க வேண்டும். இடித்தால் நடுவில் ஒரு வளையம் வைக்க வேண்டியிருக்கும், அதைக் கடைகளில் எம்டிஎஃப் பலகையில் வெட்டித் தருவார்கள், ஈரம் பட்டு ஊதிப்போகும். சமையலறை அலமாரிக்குப் போடுகிற பிவிசி போர்டில் வெட்டச் சொல்லுங்கள், எந்த ஆசாரியிடமும் துண்டு கிடக்கும், எத்தனை மழைக்கும் அசையாது.

இன்னொன்று பிளஸ் மைனஸ். மச்சான் வண்டியில் ஏதோ ஒரு கடையில் ஸ்பீக்கர் மாற்றினார்கள், அதிலிருந்து பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் குரல் வண்டி முழுக்கப் பரவிக்கிடந்தது, பேஸும் போச்சு. நான் போய்க் கதவைத் திறந்து, ஸ்பீக்கரின் கப்ளரைக் கழற்றி, அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வயர் முனையில் சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். பிளஸ்ஸில் பிளஸ் தொட்டால் கோன் வெளியே துள்ள வேண்டும். வலது கதவில் வெளியே வந்தது, இடதில் உள்ளே போனது. வயரை மாற்றி மாட்டியதும் பாடகர் டேஷ்போர்டின் நடுவில் வந்து நின்றுகொண்டார். யார் வேலை செய்து கொடுத்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பேஸ் போதவில்லை என்றால் (தவில் கேட்கிறவர்களுக்குப் போதாது) சீட்டுக்கு அடியில் வைக்கிற 8 இஞ்ச் ஆக்டிவ் சப்வூஃபர், அடிபேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர். பிக்கப்பில் டிக்கி இல்லை, அதனால் இதுதான் வழி. ஆம்ப்ளிஃபையர் அதற்குள்ளேயே இருக்கும், ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கிற ஹை லெவல் இன்புட் உள்ளதாக வாங்கினால் கம்பெனி ஸ்டீரியோவைத் தொட வேண்டியதே இல்லை. உங்கள் வண்டி மாடலுக்கென்று கப்ளர் கிட் வந்தால் அதை வாங்குங்கள், ஒரிஜினல் வயரை வெட்டினால் வாரண்டியில் வம்பு வரலாம். பவரைப் பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் போட வேண்டும், இதில் மட்டும் சமரசமே கிடையாது. ஃபியூஸ் இல்லாத வயர் எங்காவது தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் வண்டியே எரியும். எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் இறுக்குங்கள். பவர் வயர் ஒரு பக்கம், சிக்னல் வயர் மறு பக்கம் என்று ஓட்டுங்கள், சேர்த்துக் கட்டினால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் கூடவே ஒரு ஊளை கேட்கும்.

சப்வூஃபர் வந்த பிறகு கதவு ஸ்பீக்கருக்கு அடிபேஸ் போகாமல் தடுத்தால் அது இன்னும் தெளிவாகப் பாடும். சுரம் பாதியாகத் தாழும்போது அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு தூரம் ஆட வேண்டியிருக்கிறது, அந்தப் பளுவை இறக்கிவிடுகிறீர்கள். கம்பெனி ஸ்டீரியோவில் பெரும்பாலும் இதற்கு செட்டிங் இருக்காது. 300 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் ஒன்றை 4 ஓம் ஸ்பீக்கரின் வயரில் சீரீஸாக (சிக்னல் அதன் வழியாகவே போகிற மாதிரி) வைத்தால் ஏறக்குறைய 130 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் குறைத்துவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடை இருக்கிற இடங்களில் சுலபமாகக் கிடைக்கும்.

டிஎஸ்பி ஆம்ப்ளிஃபையர் (ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்தத்தையும் டிஜிட்டலாகத் தனித்தனியே சரிசெய்கிற ஆம்ப்ளிஃபையர்) பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நல்ல பொருள்தான். நம் வண்டியில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார், இடது ஸ்பீக்கர் அரை மீட்டர் தள்ளி இருந்தால் அதன் சத்தம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது, டிஎஸ்பி வலதைத் தாமதப்படுத்தி அதைச் சரிக்கட்டும். ஆனால் அதை ட்யூன் செய்யத் தெரிந்த கை வேண்டும், அப்படி ஆள் கிடைக்காத ஊரில் இருந்தால் அந்தக் காசை வேறெதற்காவது வையுங்கள். அதுவரைக்கும் பேலன்ஸை இடது பக்கம் இரண்டு புள்ளி நகர்த்திப் பாருங்கள்.

பேஸ், டிரபிள், சப்வூஃபர் அளவு எதையும் வண்டி நிற்கும்போது முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவரைத் திருகச் சொல்லுங்கள், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

பின் கதவு ஸ்பீக்கர்களையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஸ்டீரியோவில் முன் பின் சத்தத்தைப் பிரிக்கிற ஃபேடரை முன்னால் தள்ளிவைத்துவிட்டு, அந்தக் காசில் பின் சீட்டைக் கழற்றி அதற்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு டேம்பிங் ஷீட்டும் மேலே 10 மில்லிமீட்டர் ஃபோமும் போடுங்கள். பிக்கப்பில் உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது அந்த ஒற்றைத் தகடுதான், தொட்டியில் இருந்து வருகிற சத்தமெல்லாம் அது வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஜாக்கியும் ஸ்பேனரும் அங்கேதான் கிடக்கும் என்றால், கழற்றினது கழற்றினதாக அவற்றையும் ஒரு பழைய சாக்கில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.