ஜாவாவில் ஆர்எஸ்ஏ என்கிரிப்ஷனுக்கு ஜேடிகேவோடு வரும் புரொவைடர் போதுமா, பவுன்சி காசிலுக்கு மாறலாமா?

ஆர்எஸ்ஏ (பப்ளிக் கீயால் பூட்டி, பிரைவேட் கீயால் திறக்கும் முறை) மட்டும்தான் தேவை என்றால், ஜேடிகே என்ற ஜாவா மென்பொருள் தொகுப்போடு வரும் சன்ஜேசிஇ போதும். புரொவைடர் என்பது இந்த என்கிரிப்ஷன் வேலையைச் செய்யும் லைப்ரரி. பவுன்சி காசில் வெளியிலிருந்து சேர்க்கும் இன்னொன்று. மாறுவதும் தப்பில்லை. ஆனால் என்ன காரணத்துக்காக மாறுகிறீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். புரொவைடரை மாற்றினால் நீங்கள் எழுதாமல் விட்ட அமைப்புகள் சிலவும் சேர்ந்து மாறும், பிழை எதுவும் காட்டாமல்.

கேள்வியில் இரண்டு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆர்எஸ்ஏ-வுக்கு வேறு புரொவைடரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எது நல்லது, அவ்வளவுதான். இதை யாரும் பொழுது போகாமல் கேட்பதில்லை. எதிர்த்தரப்பு ஒன்று உங்களுக்குப் பப்ளிக் கீ கொடுத்திருக்கும். நீங்கள் என்கிரிப்ட் செய்து அனுப்பியது அங்கே திறந்திருக்காது. யாராவது ஒருவர் “பவுன்சி காசில் போட்டுப் பாருங்க, சரியாகிடும்” என்று சொல்லியிருப்பார். அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் அதே இடத்தில் நின்றவன்.

எப்படி என்பது சுலபம். ஜாவாவில் புரொவைடர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் உண்டு. சைஃபர் (என்கிரிப்ட் செய்யும் ஆப்ஜெக்ட்) கேட்கும்போது புரொவைடர் பெயர் சொல்லாவிட்டால் அந்த வரிசைப்படிதான் தேடும். ‘ஆட்புரொவைடர்’ கொடுத்தால் புதியது கடைசியில் போய் உட்காரும். ‘இன்சர்ட்புரொவைடர்அட்’ கொடுத்து 1 என்றால் முதலிடத்துக்கு வரும். அந்த இரண்டாவதைச் செய்யாதீர்கள். அது உங்கள் ஒரு வரிக்கு மட்டுமான மாற்றம் இல்லை, ஜாவா நிரலை ஓட்டும் அந்த ஜேவிஎம்முக்குள் ஓடும் அத்தனை லைப்ரரிக்கும் சேர்த்துத்தான். கட்டாயம் பவுன்சி காசில்தான் வேண்டும் என்றால், ‘கெட்இன்ஸ்டன்ஸ்’ அழைப்பில் இரண்டாவது ஆர்கியுமென்டாகப் புரொவைடர் ஆப்ஜெக்டையே கொடுத்துவிடுங்கள். எங்கும் பதிவு செய்யவே வேண்டாம், வேறு எதையும் தொடாது. ஆரக்கிள் ஜேடிகேயில் ஓட்டுவதாக இருந்தால் பவுன்சி காசிலின் ஜாரை (நிரல் கோப்புகளின் பொட்டலத்தை) பிரித்து உங்கள் ஒற்றை ஜாருக்குள் கலக்காதீர்கள். அதன் கையொப்பம் போய்விடும், புரொவைடரை அங்கீகரிக்க முடியவில்லை என்று நின்றுவிடும். ஜேடிகேயின் திறந்த மூலப் பதிப்பான ஓபன்ஜேடிகேயில் இந்தச் சோதனை கிடையாது. அதனால்தான் உங்கள் லேப்டாப்பில் ஓடியது சர்வரில் ஓடாமல் போகும்.

இனி என் கதை.

நான் பணப் பரிமாற்றம் தொடர்பான ஒரு நிறுவனத்தில் இருந்தேன். எதிர்த்தரப்பு எங்களைவிடப் பெரியது. பெயர் வேண்டாம். அவர்கள் கொடுத்த ஆவணத்தில் டிரான்ஸ்ஃபர்மேஷன் (முறை, மோட், பேடிங் மூன்றையும் சொல்லும் சரம்) தெளிவாக எழுதியிருந்தது: ஆர்எஸ்ஏ, ஈசிபி, ஓஏஇபி வித் ஷா-256 அண்ட் எம்ஜிஎஃப்1 பேடிங். கீ 2048 பிட். பேடிங் என்பது என்கிரிப்ட் செய்வதற்கு முன் செய்தியோடு சேர்க்கும் நிரப்பு, ஓஏஇபி அதில் ஒரு வகை. ஷா-256 ஒரு ஹாஷ், அதாவது எந்தத் தரவையும் நிலையான நீளக் கைரேகையாகச் சுருக்கும் ஃபங்ஷன். நாங்கள் அதே சரத்தை எழுத்துக்கு எழுத்து போட்டோம். (அந்த ஈசிபி என்ற மோடுக்கு ஆர்எஸ்ஏ-வில் வேலையே இல்லை. ஒரே ஒரு பிளாக்தான் என்கிரிப்ட் ஆகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.) எங்கள் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. அவர்கள் பக்கம் பேட்பேடிங் எக்ஸெப்ஷன், அதாவது பேடிங் சரியில்லை என்ற பிழை.

அவர்களுடைய முதல் பதில், தப்பான கீயைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது. ஃபிங்கர்பிரின்டை ஒப்பிட்டுக் காட்டினோம், கீ சரி. அடுத்த பதில், மற்ற எல்லாருக்கும் ஓடுகிறது என்பது. இந்த வாக்கியத்துக்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. அழைப்பில் எங்கள் மேலாளரே “முதல்ல அவங்க சொல்றதைப் பண்ணிடுங்க” என்றார். என்ன பண்ண வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை.

நான் செய்தது இதுதான். எதிர்த்தரப்பை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு டெஸ்ட் கீ ஜோடி உருவாக்கினேன். சன்ஜேசிஇ-யில் என்கிரிப்ட் செய்து பவுன்சி காசிலில் திறந்தேன், திறக்கவில்லை. தலைகீழாகச் செய்தேன், அதுவும் திறக்கவில்லை. ஒரே கீ, ஒரே சரம், ஒரே ஜேவிஎம். சரி, சிக்கல் கீயில் இல்லை என்பது அங்கேயே முடிந்தது.

ஆனால் ‘திறக்கவில்லை’ என்று போய் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள், ‘ஏன்’ என்று காட்ட வேண்டும். டெஸ்ட் பிரைவேட் கீ என் கையில்தானே இருக்கிறது. பேடிங் இல்லாமல் டிகிரிப்ட் செய்தேன். உள்ளே இருக்கும் 256 பைட் அப்படியே வெளியே வந்தது: முதலில் ஒரு பூஜ்ஜிய பைட், அடுத்து மறைக்கப்பட்ட சீட் (தற்செயலாக எடுத்த பைட்டுகள்) 32 பைட், மீதி 223 பைட் மறைக்கப்பட்ட டேட்டா பிளாக். எம்ஜிஎஃப்1 என்பது இந்த இரண்டையும் மறைக்கப் பயன்படும் முகமூடியை உண்டாக்கும் ஃபங்ஷன். அதுவும் உள்ளுக்குள் ஒரு ஹாஷைத்தான் கூப்பிடுகிறது. சன்ஜேசிஇ உண்டாக்கிய பிளாக்கை ஷா-256 முகமூடியால் கழற்றினேன், குப்பை வந்தது. ஷா-1 முகமூடியால் கழற்றினேன். முதல் 32 பைட் இ3பி0சி442 என்று தொடங்கியது. ஹாஷோடு கொஞ்ச காலம் பழகிய யாருக்கும் தெரியும், வெற்றுச் சரத்தின் ஷா-256 அது. ஓஏஇபியில் லேபிள் எதுவும் கொடுக்காவிட்டால் டேட்டா பிளாக்கின் தலையில் அதுதான் உட்கார வேண்டும். அடுத்து வரிசையாகப் பூஜ்ஜியங்கள், ஒரு 01, அப்புறம் எங்கள் செய்தி.

அதாவது, அந்த நீளமான சரத்தில் இருக்கும் 256 முதன்மை ஹாஷுக்கு மட்டும்தான். எம்ஜிஎஃப்1 உள்ளே எந்த ஹாஷ் என்று சரம் சொல்லவே இல்லை. சன்ஜேசிஇ அங்கே ஷா-1 போட்டுக்கொள்ளும். பவுன்சி காசில் அங்கேயும் ஷா-256 போடும். எதிர்த்தரப்பின் சர்வரில் பவுன்சி காசில் முதலிடத்தில் இருந்தது. மற்ற எல்லாருக்கும் ஓடியதற்கு வேறு மர்மம் ஒன்றும் இருந்திருக்காது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்கிரிப்ஷன் லைப்ரரியும் எம்ஜிஎஃப்1 ஹாஷைத் தனியாகச் சொல்லாவிட்டால் முதன்மை ஹாஷையே எடுத்துக்கொள்ளும். அதன்மேல் கட்டிய எதிலிருந்து ஷா-256 என்று மட்டும் சொல்லி அனுப்பினாலும் அவர்களிடம் திறக்கும். வெளியே பார்த்தால் இரண்டு வகையிலும் சைஃபர்டெக்ஸ்ட் 256 பைட்தான். அனுப்பக்கூடிய செய்தியின் உச்ச அளவும் இரண்டிலும் 190 பைட்தான். அதனால் அளவைப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டு புரொவைடரையும் அருகருகே ஓட்டிக் காட்டும் ஒரு சின்ன நிரலை, டெஸ்ட் கீயோடு அவர்களுக்கு அனுப்பினேன். மன்னிப்பெல்லாம் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவர்களுடைய ஆவணத்தில் எம்ஜிஎஃப்1 ஹாஷ் எது என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேருக்கு அந்த அழைப்பில் உட்காரும் நிலை வராமல் போயிருக்கும்.

இங்கே சிலர் வந்து “அப்போ சன் பண்ணினது தப்பு” என்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. எழுதாமல் விட்ட இடத்தை ஒவ்வொருவரும் ஒரு மாதிரி நிரப்பினார்கள், அவ்வளவுதான். இன்னும் சிலர் “ஷா-1 தான் 2017-லேயே உடைஞ்சிடுச்சே, அதனால பவுன்சி காசில்தான் பாதுகாப்பு” என்பார்கள். 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் காட்டியது ஒரே ஹாஷ் வரும் இரண்டு கோப்புகளை. ஓஏஇபிக்குள் முகமூடி உண்டாக்கும் ஷா-1-ஐ அது தொடவில்லை. பாதுகாப்பு ஸ்கேனர் ஷா-1-ஐச் சிவப்பாகக் காட்டுகிறது என்பதற்காக மாற்றினால் மாற்றுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்ற வேண்டும்.

தீர்வு, எந்தப் புரொவைடராக இருந்தாலும் இதுதான்: சரத்தை மட்டும் நம்பாமல் ‘ஓஏஇபி பாராமீட்டர்ஸ்பெக்’ ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, முதன்மை ஹாஷ், எம்ஜிஎஃப்1, அதன் ஹாஷ், லேபிள் நான்கையும் கையால் எழுதி, ‘இனிட்’ அழைப்பில் கொடுங்கள். அப்படிக் கொடுத்த பிறகு சன்ஜேசிஇ அனுப்பியதை பவுன்சி காசில் திறக்கும், திரும்பவும் அப்படியே. புரொவைடர் பெயரைக் குறியீட்டில் எழுத வேண்டிய தேவையே போய்விடும். எதிர்த்தரப்பு ஜேடபிள்யூஇ (ஜேசன் வடிவ என்கிரிப்ஷன் தரம்) பேசினால் ஆர்எஸ்ஏ-ஓஏஇபி-256 என்றாலே இரண்டும் ஷா-256 என்று ஆர்எஃப்சி 7518 என்ற இணையத் தர ஆவணம் முடிவு செய்துவிட்டது, அங்கே குழப்பம் இல்லை. மறுபக்கம் ஆண்ட்ராய்டு கீஸ்டோர் (ஃபோனுக்குள் இருக்கும் கீ பெட்டகம்) என்றால் மட்டும் கவனம். பழைய பதிப்புகளில் அங்கே எம்ஜிஎஃப்1-க்கு ஷா-1 மட்டும்தான் ஓடும். அப்போது நீங்கள்தான் இறங்கி வர வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. வெறுமனே ‘ஆர்எஸ்ஏ’ என்று மட்டும் எழுதிய பழைய நிரல்கள். சன்ஜேசிஇ அதைப் பிகேசிஎஸ்1 என்ற பழைய வகைப் பேடிங் என்று எடுத்துக்கொள்ளும். பவுன்சி காசில் பேடிங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளும். பேடிங் இல்லாத ஆர்எஸ்ஏ-வில் ஒரே செய்தியை எத்தனை முறை என்கிரிப்ட் செய்தாலும் ஒரே விடை வரும். அனுப்புவது நான்கு இலக்கப் பின் எண் என்றால், பப்ளிக் கீயை வைத்துக்கொண்டு 10,000 எண்ணையும் என்கிரிப்ட் செய்து ஒப்பிட்டாலே போதும், எது என்று தெரிந்துவிடும். யாரோ பவுன்சி காசிலை முதலிடத்தில் செருகினால் இந்த நிரல் எந்தச் சத்தமும் இல்லாமல் அந்த நிலைக்குப் போகும். உங்கள் குறியீட்டில் இப்போதே தேடிப் பாருங்கள்.

பிகேசிஎஸ்1 பேடிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998-இல் டேனியல் பிளைக்கன்பாக்கர் காட்டிய தாக்குதல், பேடிங் சரியா தப்பா என்று சர்வர் சொல்லும் பதிலைக் கொண்டே செய்தியைத் திறப்பது. 2017-இல் ரோபாட் என்ற பெயரில் அதே ஓட்டை பெரிய பெரிய தளங்களில் மறுபடியும் கிடைத்தது. ஓபன்எஸ்எஸ்எல் 3.2 முதல் பேடிங் தப்பாக இருந்தால் பிழை சொல்லாமல் போலியான ஒரு விடையைத் தருகிறது. ஜாவாவின் புரொவைடர்களை நம்பி, ‘பிழை வந்தால் பழைய கீயை முயற்சி செய்’ என்று யாராவது எழுதியிருந்தால், அந்த நிரலை ஓபன்எஸ்எஸ்எல் பக்கம் கொண்டுபோனதும் அந்தக் கிளைக்குள் போகவே போகாது. புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் ஓஏஇபிதான்.

ஹெச்எஸ்எம் (கீயை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும் தனிக் கருவி) இருந்தால் மட்டும் புரொவைடர் தேர்வு உண்மையிலேயே முக்கியம். பிரைவேட் கீ அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது, அதனால் சன்ஜேசிஇ-யால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல வேளையாக ஜாவா கெட்இன்ஸ்டன்ஸ் நேரத்தில் முடிவு செய்வதில்லை. ‘இனிட்’ அழைப்பில் கீயைப் பார்த்த பிறகுதான், அதை ஏற்றுக்கொள்ளும் புரொவைடரைத் தேர்ந்தெடுக்கிறது. ஹெச்எஸ்எம்மோடு பேசும் பிகேசிஎஸ்11 புரொவைடரைப் பதிவு செய்திருந்தால், பெயர் சொல்லாமல் விட்டாலே அது தானாக வரும். இடையில் லாக் எழுதுகிறேன் என்று இனிட்டுக்கு முன்னால் ‘கெட்புரொவைடர்’ அழைத்தால், அந்த இடத்திலேயே முதல் புரொவைடர் பூட்டப்பட்டுவிடும். லாக் வரியை இனிட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். இந்த ஒருங்கிணைப்பு ஆவணங்களை எழுதுகிறவர்கள் மாதிரி நிரலை ஏன் ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டுகிறார்கள்? பார்த்துப் பார்த்து டைப் செய்ய வேண்டியிருக்கிறது. பப்ளிக் கீயை வேர்ட் கோப்பில் ஒட்டி அனுப்புகிறார்கள். வேர்ட் ஐந்து கோடுகளையும் நீளக் கோடாக மாற்றிவிடுகிறது, அப்புறம் கீ படிக்கவில்லை என்று இன்னொரு அழைப்பு. ஆவணத்தைத் திருத்தினால் பதிப்பு எண்ணையாவது மாற்ற வேண்டாமா? ஒரே எண் போட்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்கள் என் கணினியில் இருந்திருக்கின்றன. இந்த வேலையில் போகும் நேரத்தில் பாதி கணிதத்துக்கே போவதில்லை, வாங்கும் சம்பளத்துக்கு இதைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவர்கள் ஒரு முறை இரவில் அந்த அழைப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். புரொவைடரை மாற்றுவதற்கு முன்னால் எதிர்த்தரப்பிடம் எம்ஜிஎஃப்1 ஹாஷ் எது என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். ஓடவில்லை என்றால் ஜேடிகே பதிப்பு, நீங்கள் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர்மேஷன் சரம், மறுபக்கம் என்ன மொழி, எக்ஸெப்ஷன் யார் பக்கம் வருகிறது என்பதைக் கேள்வியில் சேருங்கள், பார்க்கிறேன். பிரைவேட் கீயை மட்டும் இங்கே ஒட்டிவிடாதீர்கள்.