நாபொலியா, நாபோலியா? இத்தாலியச் சொல்லில் அழுத்தம் எங்கே?

இத்தாலியன் கற்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் என்று பாடத்தில் இருக்கிறது. மிலானோவுக்குப் பொருந்துகிறது. நேப்பிள்ஸை 'நாபோலி' என்றால் மட்டும் திருத்துகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?"

பெரும்பாலான சொற்களுக்கு உங்கள் விதி போதும். கடைசி உயிரின் மேல் குறி போட்டிருந்தால் கேள்வியே இல்லை, அழுத்தம் அங்கேதான். மற்றதற்கெல்லாம் முதலில் அசை பிரியுங்கள். இரட்டித்த மெய் நடுவில் உடையும்: கத்-தொ (பூனை). ல, ம, ன, ர ஒலிகளுக்குப் பின் வேறு மெய் வந்தாலும் அப்படியே. ப்ர, த்ர போன்றவை உடையாது: லீ-ப்ரொ (புத்தகம்).

இப்போது கடைசிக்கு முந்தைய அசையைப் பாருங்கள். அது மெய்யில் முடிந்தால் அநேகமாக அழுத்தம் அதிலேயே: ஃபி-ரென்-ட்ஸெ (ஃப்ளாரன்ஸ்), ப-லெர்-மொ. (தாரந்தொ நகரம் அடங்காப்பிடாரி, முதல் அசையில் அழுத்தம்.) உயிரில் முடிந்தால்தான் தொல்லை. மி-லா-னொ, நா-பொ-லி இரண்டும் ஒரே மாதிரி பிரிகின்றன, அழுத்தமோ முன்னதில் நடு அசையில் ('லா'), பின்னதில் முதல் அசையில் ('நா'). எழுத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அகராதியைத்தான் புரட்ட வேண்டும். மோதென, ரீமினி நகரங்களும் நாபொலி கட்சி.

'ஸ்' ஒலிக்குப் பின் வேறு மெய் வரும் பாஸ்தா போன்ற சொற்களை மட்டும் பள்ளி விதி 'ப-ஸ்த' என்று பிரிக்கச் சொல்லும். அது வரி முடிவில் சொல்லை உடைப்பதற்கு. பேச்சில் அந்த 'ஸ்' முன் அசையோடுதான் ஒட்டுகிறது.

குறிப்பெடுக்கும்போது தமிழ் எழுத்தைப் பயன்படுத்துங்கள். அழுத்தம் பெறும் அசை உயிரில் முடிந்தால், சொல்லின் கடைசி அசை தவிர, அந்த உயிர் நீளும். அதை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதினால் இடம் தெரிந்துவிடும். தமிழில் ஒகரத்தில் சொல் முடியாதுதான், நோட்டுப் புத்தகத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? காஸ என்றால் வீடு, கஸ்ஸ என்றால் கல்லா. 'அன்கோர' இன்னும், 'அன்கொர' நங்கூரம். இத்தாலியனில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்.

அதிகம் சறுக்குவது வினைச்சொல்லில். நிகழ்காலத்தில் 'அவர்கள்' வடிவத்தின் அழுத்தம் 'நான்' வடிவத்தில் இருந்த இடத்தைவிட்டு நகராது. பர்-லொ (பேசுகிறேன்) என்பதிலிருந்து பர்-ல-னொ (பேசுகிறார்கள்) வரும், 'பர்லானொ' வராது. தெ-லே-ஃபொ-னொ (போன் செய்கிறேன்) என்பது தெ-லே-ஃபொ-ன-னொ ஆகும்போது அழுத்தம் கடைசியிலிருந்து நான்காவது அசைக்கே போய்விடும்.