குதிரைக் குடற்புழு, ஈ, உண்ணி: கடற்கரைக் கேள்விகளும் பதில்களும்

தொண்டி முதல் சாயல்குடி வரை வண்டிக் குதிரை, பந்தயக் குதிரை, ஊர்வலக் குதிரை வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

தொண்டி: அண்ணே, மூணு மாசத்துக்கு ஒருக்கா தவறாம பூச்சி மருந்து குடுக்குறேன். அப்படியும் விலா தெரியுது, ரோமம் மங்கிக் கெடக்கு. கம்பெனிய மாத்திப் பாக்கவா?

கம்பெனியை விடுங்கள் தம்பி, அட்டையில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். ஃபென்பெண்டசோல், அல்பெண்டசோல் எல்லாம் ஒரே குடும்பம். வளர்ந்த குதிரையின் பெருங்குடலில் அதிகம் இருப்பது சிறு ஸ்ட்ராங்கைல் புழு. இந்தக் குடும்ப மருந்துக்கு அது உலகம் முழுக்க எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது அந்த எதிர்ப்பைத்தான் வளர்க்கும். மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி முட்டையிடும்.

அடுத்தது அளவு. குத்துமதிப்பாகக் கொடுத்தால் பெரும்பாலும் குறைந்துதான் போகும். டேப்பை எடுத்து முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம், இதை 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை. சுற்றளவு 140, நீளம் 135 என்றால் ஏறத்தாழ 223 கிலோ. வேறு குடும்பத்து மருந்தான ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், ஆக அந்தக் குதிரைக்கு 45 மில்லிகிராம் தேவை. ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்றால் 1,670 மில்லிகிராம். 1.5 கிராம் மாத்திரை ஒன்று 200 கிலோவுக்குத்தான் சரி. அதற்கு மேல் எடை இருந்தால் போதாது. பேஸ்ட் கொடுக்கும்போது வாயில் தீவனம் இருந்தால் மருந்தையும் சேர்த்துத் துப்பிவிடும். முதலில் வாயைக் கழுவிவிட்டு, நாக்கின் அடிப்பகுதியில் வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மெலிந்தால் பல்லைப் பாருங்கள். கொள்ளு மெல்லாமல் முழுசாக லத்தியில் வந்தால் குறை பல்லில் இருக்கிறது.

வாலிநோக்கம்: முட்டைய எண்ணிப் பாத்துட்டு மருந்து குடுங்கன்னு டாக்டர் சொல்றார். அத எப்படி எண்றது?

போட்ட உடனே லத்தியின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு உருண்டை எடுத்து, காற்றைப் பிதுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். ஐஸ் பெட்டியில் குளிர்ச்சியாக வையுங்கள், உறைய விடாதீர்கள். நம் வெயிலில் ஒரே நாளில் முட்டை பொரிந்துவிடும். அப்புறம் எண்ணினால் குறைவாகத்தான் காட்டும். காலையில் எடுத்ததை அன்றே கால்நடை மருந்தகத்திலோ, ராமநாதபுரத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ கொடுத்துவிடுங்கள்.

நீங்களே பார்ப்பதானால் மைக்ரோஸ்கோப்பும், முட்டை எண்ணக் கோடு போட்ட இரண்டு அறை உள்ள மெக்மாஸ்டர் கண்ணாடியும் வேண்டும். கரைசலுக்கு உப்பளத்து உப்பே போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் 400 கிராம் போட்டுக் கலக்குங்கள், அடியில் கொஞ்சம் கரையாமல் நின்றால் சரியான பதம். ஆறவிட்டு வடிகட்டி, 56 மில்லியில் 4 கிராம் லத்தியைக் கரையுங்கள். டீ வடிகட்டியில் வடித்து, கண்ணாடியின் இரண்டு அறையையும் நிரப்பி 5 நிமிடம் விடுங்கள். முட்டை மேலே மிதந்து வந்துவிடும். இரண்டு அறையிலும் கோட்டுக்குள் இருப்பதைக் கூட்டி 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று தெரியும்.

வளர்ந்த குதிரைக்கு 200-க்குக் கீழ் என்றால் குறைவு, 500-க்கு மேல் என்றால் அதிகம். ஒரு கூட்டத்தில் கால்வாசிக் குதிரைகள்தான் மொத்த முட்டையில் 80 விழுக்காடு அளவுக்குப் போடும். அவை எவை என்று கண்டுபிடிப்பதற்கே இந்த வேலை.

மருந்து கொடுத்த 14-ஆம் நாள் மறுபடி எண்ணுங்கள். ஃபென்பெண்டசோல் என்றால் 90 விழுக்காடாவது, ஐவர்மெக்டின் என்றால் 95 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால், அளவு சரியாக இருந்ததா என்று பார்த்துவிட்டு, அந்த மருந்தை உங்கள் லாயத்தில் நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: குடல் சுவருக்குள் கூடு கட்டிக் கிடக்கும் குஞ்சுப் புழு முட்டை போடாது. எண்ணிக்கை குறைவு, ஆனால் கழிச்சலும் வயிற்றுக்குக் கீழ் நீர்க்கட்டும் இருக்கிறது என்றால், புழு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மண்டபம்: புத்தகத்துல வசந்த காலம், இலையுதிர் காலம்னு போட்டிருக்கு. நமக்கு எந்த மாசம்?

அந்த அட்டவணை குளிர்நாட்டுக்கு எழுதியது, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். புழுக் குஞ்சுக்கு ஈரமும் மிதமான சூடும் வேண்டும். 25 முதல் 33 டிகிரியில் சில நாளிலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடும். நமக்கு அந்தக் காலம் வடகிழக்குப் பருவமழைதான்: ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மழை லத்தியைக் கரைத்துக் குஞ்சுகளைப் புல்லுக்கு ஏற்றிவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் திறந்த மணலில் கிடப்பவை காய்ந்து சாகும்.

ஆனால் கோடையிலும் ஈரம் நிற்கும் இடங்கள் உண்டு: ஊரணிக் கரை, கண்மாய் உள்வாய், ஒழுகும் குழாயடி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி. வெளியே எங்கும் புல் இல்லாததால் குதிரையும் அங்கேதான் போய் மேயும். கோடையில் தொற்று வருகிறது என்றால் பெரும்பாலும் அந்தச் சின்னப் பச்சைத் திட்டிலிருந்துதான். தொட்டியடியை உலர வையுங்கள், ஈரக் கரையில் கட்டிப்போடாதீர்கள். மருந்தைவிட இது பெரிய காரியம்.

ஆகவே மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறை எண்ணி, அதிகம் போடும் குதிரைக்கு மட்டும் மருந்து. மழை ஓய்ந்து தையில் எல்லாக் குதிரைக்கும் ஐவர்மெக்டின். குடலுக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்துக் கொல்லும் பெரிய ஸ்ட்ராங்கைலுக்கும், வயிற்றில் ஒட்டியிருக்கும் பாட் ஈப் புழுவுக்கும் அது வேண்டும். கூடு கட்டிய குஞ்சுகளையும் பிடிக்க மாக்சிடெக்டின் உண்டு, ஆனால் 4 மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் எலும்பும் தோலுமாக இருக்கும் குதிரைக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மழைக்காலத்தில் தினமும் லத்தி அள்ளுங்கள், மற்ற மாதங்களில் வாரம் இருமுறை. கோடை வெயிலில் லத்தியைக் கலைத்துப் பரப்பினால் குஞ்சு சாகும். அதையே மழையில் செய்தால் மேய்ச்சல் முழுக்க விதைத்த மாதிரி. அள்ளியதைக் குவித்து மக்கவிட்ட பிறகே தென்னைக்குப் போடுங்கள்.

திருப்பாலைக்குடி: ஆடும் குதிரையும் ஒரே எடத்துல மேயுது. ஆட்டுப் பூச்சி தொத்துமா?

பெரும்பாலும் தொற்றாது. ஆட்டுப் புழு குதிரைக்குள் வாழாது. குதிரைப் புழு ஆட்டின் வயிற்றில் அழியும். ஒரு சில இரண்டிலும் வாழும், ஆனால் குதிரை மேய்ந்த இடத்தில் ஆட்டை விடுவது மொத்தத்தில் நல்லதே. ஆட்டு மருந்தை மட்டும் குதிரைக்கு ஊற்றாதீர்கள். ஆட்டுக்குக் கொடுக்கும் லெவமிசோலில் சரியான அளவுக்கும் விஷ அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு.

ஏர்வாடி: கழுதையோட சேத்துக் கட்டுனதுலருந்து குதிரை இருமுது.

கழுதை நுரையீரல் புழுவை வெளியே தெரியாமல் சுமக்கும், குதிரைக்கு அது இருமலாக வரும். இரண்டுக்கும் ஒரே நாளில் ஐவர்மெக்டின் கொடுத்துத் தனித்தனியாகக் கட்டுங்கள். தூசி வைக்கோலாலும் இருமல் வரும் என்பதால் அதையும் நனைத்துப் போட்டுப் பாருங்கள்.

பாம்பன்: மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து இருக்கு. குதிரைக்கு அடிக்கலாமா சார்?

அமிட்ராஸ் என்று எழுதியிருந்தால் ஒரு சொட்டுகூட வேண்டாம். குதிரைக்கு அது பெருங்குடலின் அசைவை நிறுத்திவிடும். லத்தி கட்டிச் சாகும். பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையில் குதிரைக்கு என்று அளவு போட்டிருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். காதுக்குள், பிடரி அடியில், வால் அடியில், தொடை இடுக்கில் தேடுங்கள். கடல் தண்ணீரில் குளிப்பாட்டுவதால் உண்ணி விழாது.

கீழக்கரை: கால்ல, கண் ஓரத்துல புண்ணு ஆறவே மாட்டேங்குது. பக்கத்துல கருவாடு காயப்போடுறாங்க, ஈ மொய்க்குது. அதனாலயா?

புண்ணுக்குள் மஞ்சள் நிறத்தில் அரிசி நொய் போன்ற கட்டிகள் இருந்தால் ஹெப்ரோனிமா புழு. அதைக் கொண்டுவருவது ஈதான். ஆனால் கருவாட்டில் பிறந்த ஈ அதைச் சுமக்காது. குதிரை லத்தியில் வளர்ந்த ஈப்புழுதான் அந்தக் குஞ்சை விழுங்கி, ஈயாகிப் பறந்துவந்து ஈரப் புண்ணில் விடுகிறது. எனவே கருவாட்டுக்காரரோடு சண்டை வேண்டாம், உங்கள் லத்தியை அள்ளுங்கள். ஐவர்மெக்டின் வாய்வழியாகக் கொடுத்து, புண்ணைக் கட்டி மூடுங்கள். மாட்டு ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடக் கூடாது. ஊசி போட்ட இடம் வீங்கி அழுகலாம்.

ஆர்.எஸ்.மங்கலம்: காய்ச்சல் வருது, ரெண்டு நாள்ல போகுது, மறுபடி வருது. நல்லாத் திங்குது, ஆனா மெலியுது. காலும் அடிவயிறும் வீங்கி, பின்னங்கால் தள்ளாடுது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். இது சர்ரா போலத் தெரிகிறது. ரத்தத்தில் வாழும் ட்ரிப்பனோசோமா எவான்சி என்ற ஒட்டுண்ணி. 1880-இல் கிரிஃபித் எவான்ஸ் பஞ்சாபில் குதிரையிலும் ஒட்டகத்திலும் கண்டது. கண்மாய் ஓரத்துப் பெரிய கடி ஈக்கள் பரப்பும். மாடும் எருமையும் நோய் தெரியாமல் அதைச் சுமக்கும்.

காய்ச்சல் இருக்கும்போதே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு ஒட்டுண்ணி கண்ணில் படாமல் போகலாம். ஒருமுறை இல்லை என்று வந்தாலும் அடுத்த காய்ச்சலில் திரும்பப் பாருங்கள். மருந்து குயினாபைரமின், தோலுக்கடியில், டாக்டர் கையால் மட்டும். ஈறு மஞ்சளாகி மூத்திரம் சிவந்தால் உண்ணியால் வரும் பைரோபிளாஸ்மா நோயையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஊசியை இரண்டு குதிரைக்குக் குத்தினால் நீங்களே நோயைப் பரப்பியவர் ஆவீர்கள்.

ராமேஸ்வரம்: அடிக்கடி வயித்து வலி. பூச்சியா?

மணலாகவும் இருக்கலாம். ஆறு லத்தி உருண்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் விடுங்கள். அடியில் ஒரு டீஸ்பூனுக்கு மேல் மணல் தங்கினால், தரையில் தீவனம் போடுவதை நிறுத்தித் தொட்டியில் போடுங்கள். புழுவா மணலா என்று தெரியாமல் மருந்து கொடுக்க வேண்டாம்.

சாயல்குடி: குட்டிக்கு எப்பலருந்து? பூண்டு, வேப்பிலை குடுத்தா போதுமா?

இரண்டு மாதத்தில் ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 10 மில்லிகிராம், பால் மறக்கும்போது இன்னொன்று. குட்டிக்கு எதிரி உருண்டைப் புழு, அதற்கு ஐவர்மெக்டின் பல இடங்களில் வேலை செய்வதில்லை. வயிறு பெருத்து ரோமம் சிலிர்த்த குட்டிக்குப் புழு நிறைய இருக்கும். எல்லாம் ஒரேயடியாகச் செத்தால் சிறுகுடல் அடைத்துக்கொள்ளும். அதனால் டாக்டர் பக்கத்தில் இருக்கக் கொடுங்கள். வேப்பிலை முட்டை எண்ணிக்கையை நம்பும்படி குறைத்ததாகச் சான்று இல்லை. பூண்டு அதிகமானால் குதிரையின் ரத்த அணுவை உடைக்கும்.

தேவிபட்டினம்: ஆடியில அந்தியூர் சந்தைல ஒரு குதிரை பிடிக்கப் போறேன். வந்ததும் என்ன செய்யணும் அண்ணே?

மற்ற குதிரைகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள், தொட்டியும் தூரிகையும் தனியாக. முதல் நாளே உண்ணி தேடுங்கள், லத்தியை எண்ணுங்கள், ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து கொடுத்து மூன்று நாள் வரும் லத்தியைத் தனியே புதையுங்கள். 14-ஆம் நாள் எண்ணிப் பார்த்து மருந்து வேலை செய்திருந்தால்தான் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். ஆடியில் தொடங்கினால் மழைக்கு முன் முடித்துவிடலாம், ஆனால் சந்தையிலிருந்து நேராக ஊரணிக்குத் தண்ணீர் காட்டக் கொண்டுபோகாதீர்கள்.