மெட்டு சிரிக்கிறது, வரி முறைக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: துள்ளலான கிட்டார் பாட்டில் வர்க்கம், வறுமை, சுரண்டல் என்று பாடினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆடிவிட்டுப் போய்விடுவார்களே!

பதில்: பாதிப் பேர் ஆடிவிட்டுத்தான் போவார்கள். போகட்டும், ஆடுவது ஒன்றும் குற்றமில்லையே. மீதிப் பேரைப் பற்றிப் பேசுவோம்.

1986இல் ஹவுஸ்மார்ட்டின்ஸ் என்ற பிரிட்டிஷ் பாப் குழுவின் 'ஹேப்பி அவர்' பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. மெட்டை மட்டும் கேட்டால் யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று தோன்றும். வரிகளில் இருப்பதோ எரிச்சல். வேலை முடிந்ததும் மேலதிகாரியோடு மதுக்கூடத்துக்குப் போகவேண்டும், அங்கே பெண்களை மட்டமாகப் பேசும் கூட்டத்தில் தானும் சிரித்து வைக்கவேண்டும். இதையே சோகமாகப் பாடியிருந்தால் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டி நகர்ந்திருப்போம். இங்கே அந்தக் கட்டாயச் சிரிப்பை மெட்டே சிரிக்கிறது. நம் இலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி என்று ஓர் அணி உண்டே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். புகழ்கிற குரல் இனிமையாக இருந்தால்தான் குத்து ஆழமாக இறங்கும். குழுவின் பாடகர் பால் ஹீட்டனின் குரலோ, தேவாலயப் பாடகர் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தலாம் போலிருக்கும்!

இவர்கள் இங்கிலாந்தின் ஹல் நகரத்துக் குழு. ஐஸ்லாந்துடன் மீன்பிடி உரிமைக்காக நடந்த காட் மீன் தகராறு 1976இல் பிரிட்டனுக்குப் பாதகமாக முடிந்தபின், ஆழ்கடல் மீன்பிடித் தொழில் நொடித்துப்போன துறைமுகம் அது. முதல் ஆல்பத்துக்கு 'லண்டன் 0 ஹல் 4' என்று கால்பந்து ஸ்கோர் போலத் தலைப்பு வைத்தார்கள். தலைநகரைத் தோற்கடித்துவிட்டுத்தான் முதல் பாட்டுக்கே வருகிறார்கள். அதன் உறையில் இயேசு, மார்க்ஸ், நம்பிக்கை மூன்றையும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு வாசகம் வேறு. கிண்டலா, நிஜமா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

கேள்வி: அந்தக் கிட்டார் ஒலி மட்டும் ஏன் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது?

பதில்: கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, மொத்தமாக அடிக்காமல், தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டி ஒலிக்க விடுகிறார்கள். விரல் வைக்காத திறந்த தந்திகளும் சேர்ந்து ரீங்கரிக்கும். ட்ரெபிள் என்கிற உச்ச ஒலியைத் தூக்கி, டிஸ்டார்ஷன் என்கிற கரகரப்பை ஒதுக்கிவிடுவார்கள். 1965இல் அமெரிக்காவின் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரில் கொண்டுவந்த ஒலியின் வாரிசு இது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார், பாடுகிறவரின் குரல் இருக்கும் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொள்ளும். சுத்தமான கிட்டார் குரலுக்கு வழிவிடும். கோபமான ராக் பாட்டில் கத்தல் கேட்கும், சொல் கேட்காது. இந்த 'இனிப்பு' பாட்டுகளில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும். அரசியல் பேச எது தோது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: யாரைத் திட்டுகிறார்களோ அவர்களே அந்தப் பாட்டை ரசித்தால்?

பதில்: நடந்திருக்கிறது. பிரிட்டனின் தி ஜாம் குழுவின் 'ஈட்டன் ரைஃபிள்ஸ்' பாட்டு 1979இல் வந்தது. வேலை கேட்டு ஊர்வலம் போனவர்களை, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளி மாணவர்கள் கேலி செய்த சம்பவம்தான் அதற்கு விதை. அதே ஈட்டனில் படித்த டேவிட் கேமரன், கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராக இருந்த 2008இல், அந்தப் பாட்டு தனக்குப் பிடிக்கும் என்றார். எழுதிய பால் வெல்லர், அதில் எந்த இடம் அவருக்குப் புரியவில்லை என்று சீறினார். 2010இல் ஸ்மித்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி மார் இன்னும் ஒரு படி மேலே போய், எங்கள் பாட்டு பிடிக்கும் என்று சொல்லவே கூடாது என கேமரனுக்குத் தடை போட்டார். ரசிக்கத் தடையா! எனக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கிறது. மெட்டு நல்ல மெட்டு என்பதற்கு எதிரியே சான்றிதழ் கொடுத்திருக்கிறார், வாங்கி வைத்துக்கொள்ளலாமே.

கேள்வி: இதனால் ஒரு ஓட்டாவது மாறியதா?

பதில்: 1985இல் பில்லி பிராக், பால் வெல்லர், ஜிம்மி சோமர்வில் முதலான பாடகர்கள் 'ரெட் வெட்ஜ்' என்று கூட்டணி சேர்ந்து லேபர் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடினார்கள். 1987 தேர்தலில் எதிர்த்தரப்பான கன்சர்வேட்டிவ் கட்சியின் தாட்சர் மூன்றாம் முறையாக ஜெயித்தார். கணக்கு அவ்வளவுதான். பாட்டைத் தேர்தல் முகவராக நிறுத்தினால் டெபாசிட் போகும். ஆனால் மேலதிகாரியின் ஜோக்குக்கு இனிச் சிரிக்கமாட்டேன் என்று ஒருவர் முடிவெடுத்தால், அது எந்த வாக்குப்பெட்டியிலும் பதிவாகாது.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

பதில்: வரிகளைப் பார்க்காமல் 'ஹேப்பி அவர்' ஒருமுறை, பார்த்துக்கொண்டு ஒருமுறை. அப்புறம் அதே குழுவின் 'ஃப்ளாக் டே'. உண்டியல் குலுக்கி வறுமையை ஒழிக்க முடியாது என்கிற பாட்டு. பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசைநிகழ்ச்சியின் நிதி திரட்டலை உலகமே கொண்டாடிய அதே 1985இல் இதை சிங்கிளாக வெளியிட துணிச்சல் வேண்டும். கூடவே ஒரு தகவல்: இந்தக் குழு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது ஒரே ஒரு தடவை, 1986 டிசம்பரில், 'கேரவன் ஆஃப் லவ்' பாட்டுக்கு. அதில் கிட்டாரே கிடையாது, வெறும் குரல்கள்தான்!