அதிகம் பேசப்படாத றொக் கிற்றார் கலைஞர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

வில்கோ ஜோன்சன்.

2012இல், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கிற்றார் பழகிக்கொண்டிருந்தேன். லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் தன் போனில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினான். கறுப்பு டெலிகாஸ்டர் கிற்றார், அதில் சிவப்புத் தகடு. கண்ணை உருட்டிக்கொண்டு மேடையில் முன்னும் பின்னுமாக ஓடி ஓடி ஒருவர் வாசிக்கிறார். "மற்றக் கிற்றார்காரன் எங்கேயடா?" என்று கேட்டேன். "இந்த ஆள் மட்டும்தான்" என்றான்.

அந்த ஆள்தான் வில்கோ. அவருடைய டொக்டர் ஃபீல்குட் குழுவில் தாளத்துக்கென்று இன்னொரு கிற்றார் கிடையாது. நரம்பை மீட்டும் சிறு தகடான பிக் இல்லாமல், வெறும் விரல்களால் கோர்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரங்களை, வெட்டி வெட்டி அடிப்பார் அவர். அந்த வெட்டுகளுக்கு நடுவிலேயே லீட் எனப்படும் மெட்டுத் துண்டுகளும் பாய்ந்து வரும். இத்தனைக்கும் அவர் இடதுகைக்காரர், வலதுகைக்காரர் போல வாசிக்கப் பழகியவர். நீண்ட சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசிப்பவர்களையே பெரிய கலைஞர் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பட்டியல்களில் இவர் பெயர் விடுபட்டுப் போவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அது அநியாயம். தாளத்தை இப்படித் தாங்கிப் பிடிப்பது சோலோவைவிடக் கடினம்.

1976இல் அவர்களுடைய மேடைப் பதிவு அல்பம் பிரித்தானிய அல்பப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த வருடமே குழுவை விட்டு விலகினார். அப்புறம் பல வருடங்கள் பெரும்பாலும் சிறிய மேடைகள்தான்.

நான் அவரை அறிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கணையப் புற்றுநோய், இனிக் காப்பாற்ற முடியாது என்ற செய்தி 2013 ஜனவரியில் வந்தது. கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடைபெறும் கச்சேரிகளுக்குக் கிளம்பிவிட்டார். தி ஹூ என்ற றொக் குழுவின் பாடகர் ரொஜர் டால்ட்ரியுடன் ஒரே வாரத்தில் ஓர் அல்பம் பதிவு செய்தார். இதுதான் கடைசி என்று நம்பி வாசித்த கை அது. ஆனால் கேட்டுப் பாருங்கள், ஓர் இடத்திலும் சோர்வு இல்லை. அந்த அல்பம் 2014 மார்ச்சில் வெளிவந்து பிரித்தானியப் பட்டியலில் 3ஆம் இடம்வரை போனது. அப்போது அவருக்கு 66 வயது.

இந்த மனிதர் இன்னும் உயிரோடு நடமாடுகிறாரே என்று சந்தேகப்பட்ட ஒரு வைத்தியரால் கேம்பிரிட்ஜுக்குப் போனார். அங்கே சத்திரசிகிச்சை செய்து 3 கிலோ கட்டியை அகற்றினார்கள். பிழைத்துக்கொண்டார். 2018இல் இன்னோர் அல்பமும் வந்தது. 2022 நவம்பரில்தான் காலமானார்.

அந்தச் செய்தி வந்த இரவு, பிக்கை மேசையில் வைத்துவிட்டு வெறும் விரலால் வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன்.