பைப் ஓர்கன் கச்சேரி செய்கிறவர்கள் ஏன் படிப்பிக்கிற வேலையும் பார்க்கிறார்கள்? மேடை கிடைக்காததாலா?

உங்கள் விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகனுக்கு 17 வயது, ஜேர்மனியில் வளர்கிறார், தேவாலயங்களில் இருக்கிற அந்தப் பெரிய குழாய் வாத்தியமான ஓர்கன் என்றால் உயிர். கோயில் இசை (தேவாலய இசை) படிப்பதா, கச்சேரிப் பிரிவு மட்டும் எடுப்பதா என்று வீட்டில் கதை நடக்கிறது. இதற்கிடையில் ஒரு உறவினர் “மேடையில் தோற்றவன்தான் படிப்பிக்கப் போவான்” என்று சொல்லிவிட்டார். மகன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குப் படிப்பித்த ரீச்சருக்கும் இதே கதை விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

நான் பெரிய ஆள் இல்லை. நோர்ட்றைன்-வெஸ்ற்ஃபாலனில் ஒரு சின்ன ஊர்க் கோயிலில் பகுதிநேர ஓர்கனிஸ்ட். பகுதிநேரமாக வாசிக்கிறவர்களுக்கான சி-ஷைன் சான்றிதழ் மட்டும்தான் இருக்கிறது. கிழமையில் மூன்று நாள் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. ஒன்பது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன், வருஷத்தில் மூன்று நாலு கச்சேரி வாசிக்கிறேன். “இவவே தோற்றவதானே, அதுதான் வக்காலத்து வாங்குகிறா” என்று எழுத நினைப்பவர்கள் எழுதலாம். ஆனால் முழுக்க வாசித்துவிட்டு எழுதுங்கள்.

ஓர்கன் என்னைப் பிடித்தது கெவலாரில். ஓகஸ்டில் தமிழ் ஆக்கள் மாதாவிடம் போகிற யாத்திரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், சைவக்காரரும் மெழுகுதிரியோடு வருவார்கள். எனக்குப் பத்து வயது. பூசை முடிந்து அம்மா சோற்றுப் பெட்டியைத் திறக்க வெளியே போய்விட்டா. பசிலிக்காவுக்குள் 1907இல் சைஃபெர்ட் கட்டின அந்தப் பெரிய ஓர்கனில் யாரோ வாசிக்கத் தொடங்கினார்கள். நான் இருந்த வாங்கின் பலகை தொடையில் அதிர்ந்தது. காதுக்கு முதல் உடம்புக்கு வந்த சத்தம் அது. அம்மா தேடி வந்து காதைப் பிடித்து இழுக்கும்வரைக்கும் எழும்பவில்லை.

அடுத்த கிழமையே அப்பா எங்கள் ஊர்க் கோயிலின் இசைப் பொறுப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனார். இங்கே கன்ரோர் என்பார்கள். எங்களுடையவர் ஒரு பெண், அவவைத்தான் ரீச்சர் என்று எழுதுகிறேன். ஞாயிறு இரண்டு பூசை, செத்தவீடு, கலியாணம், செவ்வாய் பெரியவர்களின் பாடகர் குழு, புதன் சின்னப் பிள்ளைகள், இதற்கு நடுவில் எங்களுக்குப் பாடம். கோடை வந்தால் தோல் அடி வைத்த மெல்லிய ஓர்கன் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போவா.

வயலின்காரர் தன் வயலினைத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம், பியானோக்காரருக்கு வீட்டில் ஒன்று இருக்கும். ஓர்கன் ஒரு கட்டடத்துக்குள் கட்டினது, அந்தக் கட்டடத்தின் சாவி யாரிடம் என்பதுதான் முழுக்கதையும். கோயில் வேலையோ இசைக் கல்லூரி வேலையோ இருந்தால் சாவி கையில். இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பாதரிடம் “ஒரு மணித்தியாலம் பழகலாமா” என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கமெரோன் கார்ப்பென்ரர் என்ற அமெரிக்கர் இதிலிருந்து விடுபடத் தனக்கென்று ஒரு டிஜிட்டல் ஓர்கனே செய்வித்து, 2014இலிருந்து அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்தார். அவரை மதிக்கிறேன். எல்லோராலும் அது ஏலாது.

காசு விஷயத்தையும் ஒளிக்கவில்லை. கனக்கக் கோயில்களில் ஓர்கன் கச்சேரிக்கு ரிக்கெற் இல்லை, வாசலில் கூடை வைப்பார்கள். நான் ஒரு கச்சேரிக்கு வாங்கின ஆகக்கூடிய தொகை 400 யூரோ, ரயில் காசும் அதற்குள்தான். அதற்காக முதல் நாளே போய்விட வேண்டும். இரண்டு ஓர்கன் ஒரேமாதிரி இராது, மனுவல் (கையால் வாசிக்கிற கட்டை வரிசை) இரண்டா நாலா, எந்த றெஜிஸ்டர் (குமிழை இழுத்தால் வருகிற ஒலிவகை) எங்கே, கோயிலில் எதிரொலி எத்தனை நொடி நிற்கிறது என்று எல்லாம் பார்த்து எழுதவே நாலு மணித்தியாலம் போகும்.

இனி உங்கள் உறவினருக்கு. இசையமைப்பாளர் செஸார் ஃப்ராங்க் தோற்றவரா? பாரிஸ் செந்த்-க்ளோதில்ட் கோயிலில் சாகும்வரை ஓர்கனிஸ்ட், 1872இலிருந்து பாரிஸ் கொன்சர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் ஓர்கன் பேராசிரியர். நாள் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மனிதர், விடிய எழும்பித்தான் தன் இசையை எழுதினார். அவருக்குப் பிறகு 1890இல் அந்தக் கதிரைக்கு வந்த விடோர் செந்த்-சுல்பீஸ் கோயிலில் 1870இல் தற்காலிகமாகச் சேர்ந்து 1933 முடியும்வரை வாசித்தவர். அவரிடம் படித்த மார்செல் துப்ரே 1920இல் இசையமைப்பாளர் ஜே. எஸ். பாக்கின் ஓர்கன் இசை முழுவதையும் பத்துக் கச்சேரிகளில் மனப்பாடமாக வாசித்தார், 1926 முதல் 1954 வரை அதே கொன்சர்வத்வாரில் படிப்பித்தார். மெசியான், ஜான் லாங்லே, மரி-க்ளேர் அலான் எல்லாம் அவருடைய வகுப்பிலிருந்து வந்தவர்கள். “அது அந்தக் காலம்” என்று யாராவது எழுதுவீர்கள். ஒலிவியே லாத்ரி 1985இல், 23 வயதில், பாரிஸ் நோத்ரடாம் பேராலயத்தின் ஓர்கனிஸ்ட் ஆனார். உலகம் முழுக்க மேடை கிடைத்த மனிதர், அவரும் பாரிஸ் கொன்சர்வத்வாரில் பேராசிரியராகப் படிப்பித்தவர்.

இந்த வரிசையில் எனக்கு மனம் நோவது லூயி வியெர்னுக்காக. பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு. விடோருக்கும் அவருக்குப் பிறகு வந்த கில்மோனுக்கும் உதவியாளராக அந்த ஓர்கன் வகுப்பில் வருஷக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் படிப்பித்தார். 1911இல் கில்மோன் இறந்தபோது வேலை இவருக்கு என்றுதான் நினைத்திருப்பார், கொடுத்தது யூஜென் ஜிகூ என்ற இன்னொரு ஓர்கனிஸ்டுக்கு. 1937 ஜூன் 2ஆம் திகதி நோத்ரடாமில் கச்சேரி நடுவே, வாசிக்கும் மேசையிலேயே, உயிர் போனது. அது அவருடைய 1750ஆவது கச்சேரி என்பார்கள். மேடை கிடைக்காத ஆளா இவர்? மேடை இருந்தது, படிப்பிக்கிற வேலையைத்தான் தரவில்லை.

எங்கள் ரீச்சரின் ரீச்சர் ஃப்ராங்க்ஃபுர்ட்டில் ஓர்கனிஸ்ட் ஹெல்முட் வால்காவிடம் படித்தவர். வால்கா 16 வயதில் முழுக்கக் கண் தெரியாமல் போனவர். மற்றவர்கள் ஒவ்வொரு குரலையும் (ஒன்றோடொன்று பின்னிப் போகிற மெட்டுகளை) தனித்தனியாக வாசித்துக் காட்ட, கேட்டுக் கேட்டு பாக்கை மனதில் ஏற்றினார். பிறகு தன் மாணவர்களையும் அப்படித்தான் பழக்கினார்: ஒரு குரலை வாசி, மற்றதைப் பாடு. ரீச்சர் எனக்கும் அதைத்தான் செய்தா. இடது கையும் காலும் வாசிக்க, வலது கையின் பகுதியை நான் வாயால் பாட வேண்டும். பன்னிரண்டு வயதில் அழுதிருக்கிறேன்.

அவவிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எங்கள் ஓர்கன் பழசு. குளிர் காலத்தில் சூடு போட்டால் மரம் காய்ந்து, ஒரு கட்டையை விட்ட பிறகும் வால்வு மூடாமல் அந்தச் சுரம் ஊளையிட்டுக்கொண்டே நிற்கும். இங்கே அதை ஹொய்லர் என்பார்கள், ஊளையிடுகிறது என்றுதான் அர்த்தம். அதனால் பாடத்தின் நடுவில், ஒன்றும் பழுதில்லாத நேரத்திலும், திடீரென்று “இரண்டாம் மனுவல் செத்துப்போச்சு!” என்பா. நான் நிற்பாட்டக் கூடாது. கையை மற்ற மனுவலுக்கு மாற்றி, வேறு றெஜிஸ்டர் இழுத்து, தாளம் விடாமல் போக வேண்டும். எனக்கு அது வெறுப்பு. வாசிக்க விடுகிறா இல்லையே என்று அம்மாவிடம் முறையிட்டிருக்கிறேன்.

எனக்கு 17 வயதில் ஒரு ஓகஸ்ட் மாதம், மூன்று மணித்தியாலம் தள்ளி ஒரு ஊரில் அவவுக்குக் கச்சேரி. றெஜிஸ்டர் இழுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனா. கடைசி உருப்படி ஃப்ராங்கின் மூன்றாவது கொரால், ஏ மைனர். இறந்த வருஷமான 1890இல் அவர் எழுதினது. நடுவில் வேகம் எல்லாம் அடங்கி ஒரு மெதுவான பகுதி வரும், மூன்றாம் மனுவலில் ட்ரொம்பேற் என்ற றெஜிஸ்டர் தனியே பாடும். அன்று நல்ல வெக்கை, புழுக்கம். அந்தப் பகுதிக்கு நாலு வரி முன்னுக்கு மூன்றாம் மனுவலில் எஃப்-ஷார்ப் என்ற சுரம் பிடித்துக்கொண்டது. கை எடுத்தாயிற்று, சத்தம் நிற்கவில்லை.

எனக்கு விரல் விறைத்துவிட்டது. ரீச்சர் தலையைத் திருப்பவில்லை. வாசித்துக்கொண்டே, தேத்தண்ணி கேட்கிற குரலில் சொன்னா: “மூன்றை முழுக்க மூடு. இரண்டில் க்ரும்ஹோர்ன், கூட எட்டடிப் புளூட்.” நான் மூன்றாம் மனுவலின் குமிழ்களை உள்ளே தள்ளினேன், உள்ளங்கை வேர்வையில் ஒன்று வழுக்கியது, திரும்பத் தள்ளினேன். ஊளை நின்றது. இரண்டு குமிழை இழுத்து முடிக்க, அவவின் வலது கை இரண்டாம் மனுவலில் இறங்கியது. ட்ரொம்பேற் பாட வேண்டிய பாட்டை க்ரும்ஹோர்ன் கொஞ்சம் மூக்கால் பாடியது. வடிவாக இருந்தது. கீழே இருந்த சனத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முடிவுப் பகுதிக்கு மூன்றாம் மனுவல் இல்லாமல் முழு ஓர்கன் எப்படி வர வேண்டும் என்பதையும் வாசித்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னா.

படியால் இறங்கும்போதுதான் எனக்குப் பட்டது, இதைத்தானே ஏழு வருஷமாகப் பாடத்தில் செய்கிறா. எனக்குப் பழக்கினா, மற்றப் பிள்ளைகளுக்குப் பழக்கினா, ஒவ்வொரு கிழமையும். அந்த மேடையில் அவவைக் காப்பாற்றினது அந்தப் பாட அறை.

கச்சேரி முடிந்து சாப்பாடு. ஒழுங்கு செய்தவர் கடித உறையைக் கொடுத்தார், பேசின தொகையைவிட 150 யூரோ குறைவு. ரீச்சர் எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டா. “உங்களுக்குப் படிப்பிக்கிற சம்பளம் இருக்குத்தானே. நீங்கள் முழுநேரக் கலைஞர் இல்லையே” என்றார் அந்த மனுஷன், பத்துப் பேர் இருக்கிற மேசையில். ரீச்சர் பற்றுச்சீட்டில் கிடைத்த தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டா, சாப்பிட்டு முடித்தா. காரில் ஒரு மணித்தியாலம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு “நாளைக்கு மூன்று மணிக்கு முதலாவது பாடம், உயரம் கூட்டுகிற பெடல் கட்டையை மறக்காமல் எடுத்து வைக்க வேணும்” என்றா. அவவிடம் புதிதாகச் சேர்ந்திருந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கால் எட்டாது.

அந்த மனுஷனில் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நான் படிப்பித்த ஒரு இசைப்பள்ளியிலும் எனக்கு இதே கதைதான். 45 நிமிஷப் பாடத்துக்கு இவ்வளவு என்று காசு, பள்ளி விடுமுறை வந்தால் ஒரு சதமும் இல்லை, வருத்தம் வந்தாலும் இல்லை. 2022 ஜூனில் இங்கத்தைய உச்ச சமூக நீதிமன்றம், நகராட்சி இசைப்பள்ளியில் படிப்பித்த ஒரு ஆசிரியையின் வழக்கில், அவர் சுயதொழிலாளி இல்லை, பள்ளி காப்புறுதி கட்ட வேண்டிய ஊழியர் என்று தீர்த்தது. அதற்குப் பிறகாவது நிலைமை திருந்தும் என்று நம்பினேன். எங்கள் பள்ளி ஓர்கன் பாடத்தையே நிற்பாட்டிவிட்டது.

எங்கள் ஆக்களிடமும் ஒரு வேண்டுகோள், கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னியுங்கள். கலியாணப் பூசைக்கு என்னை வரச் சொல்கிறீர்கள், இரண்டு கிழமை பழகிக்கொண்டு வருகிறேன். பொம்பிளை உள்ளே வருகிற நேரம் யாரோ ஃபோனைப் பெட்டியில் கொழுவிச் சினிமாப் பாட்டுப் போடுகிறீர்கள். அந்தப் பாட்டையே ஓர்கனில் வாசித்துத் தருகிறேன், முதலே சொல்லுங்கள். வீடியோக்காரர் தன் பையைப் பெடலில் வைக்க வேண்டாம். போன வருஷம் ஒருவர் வைத்து, பாதர் வாசகம் வாசிக்கும்போது அடிக்குரலில் ஒரு சுரம் இரைந்தது. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்கள் மகனுக்கு: ஜேர்மனியில் 50,000க்கு மேல் ஓர்கன் இருக்கிறது, ஓர்கன் கட்டுவதையும் வாசிப்பதையும் 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். முழுநேர ஓர்கனிஸ்ட்கள் 3,500 பேர் அளவில்தான், மிச்சம் பல்லாயிரம் பேர் என்னைப் போல். கோயில் இசை படித்தால் பாடகர் குழு நடத்தவும், எழுதி வைக்காததை அந்தந்த நேரத்தில் வாசிக்கவும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வரும், கச்சேரிக் கதவு அதனால் மூடாது. கச்சேரிப் பிரிவை அதற்குப் பிறகும் மேற்படிப்பாக எடுக்கலாம். என்னுடைய யோசனை அதுதான். இசைக் கல்லூரிகள் வேறுமாதிரிச் சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், மகன் வாசிப்பதை நேரில் கேட்கிறவர்கள் அவர்கள்தான்.

படிப்பு தொடங்க முதல், உங்கள் ஊர்க் கன்ரோரிடம் கேட்டு இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு மகன் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். நீங்கள் றூர் பக்கம் என்றால் கீழே எழுதுங்கள். ஞாயிறு பத்தரைப் பூசைக்கு மகன் என் பக்கத்தில் நின்று றெஜிஸ்டர் இழுக்கலாம். பூசை முடிய ஒரு மணித்தியாலம் ஓர்கன் அவருக்கு. சப்பாத்துக்கு அடி சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.